அப்பாவின் கணக்கு நோட்டில் முதலில் தெரிந்தது

மறதிநோய் என்றதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் விழிக்கும் முதியவரின் முகம். அந்த நிலை வரும்போது நோய் பல ஆண்டுகள் முற்றியிருக்கும். அதற்கு வெகு முன்பே, பெயர்களும் முகங்களும் பத்திரமாக இருக்கும்போதே, வேலைகள் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன. கட்டணம் கட்டுவது, வேளைக்கு மருந்து எடுப்பது, கடைக்காரர் கொடுத்த மீதியை எண்ணுவது, பழகிய பாதையில் கார் ஓட்டுவது என்று தினசரிக் காரியங்களில்தான் முதல் சறுக்கல். என் அப்பா, நோய் உறுதியான நாளன்றுகூடப் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் பிறந்த மாதத்தையும் டாக்டரிடம் வரிசையாகச் சொன்னார். அதே மனிதரால் முந்தைய மாதத்து மின்கட்டணம் கட்டியாயிற்றா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

வீட்டுப் பெரியவர்களின் நினைவாற்றலைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிட அவர்கள் செய்யும் வேலைகளைக் கவனிப்பதே முக்கியம் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். மலேசியாவில் 2018ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதை எட்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டது. ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். அப்படியென்றால் நம் உறவுக்குள்ளும் யாரோ ஒருவர் இருக்கக்கூடும்.

அப்பா பினாங்குத் துறைமுகத்தில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளுகோர் வீட்டில் அவர் கணக்கு எழுதாத நாள் கிடையாது. அட்டையில் 555 என்று போட்ட சின்ன நோட்டு, எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்குமே, அதுதான். இடப்பக்கம் தேதி, நடுவில் பொருள், வலப்பக்கம் தொகை, வெள்ளியும் சென்னுமாக. மாதக் கடைசியில் அளவுகோல் வைத்து ஒரு கோடு, அதற்குக் கீழே கூட்டுத்தொகை. பின்னாளில் அந்த நோட்டுகளைப் பழையதிலிருந்து புதியதுவரை வரிசையாக அடுக்கிப் புரட்டினேன். முதலில் அளவுகோல் போயிருந்தது, கையாலேயே கோடு. பிறகு கோடு இருந்தது, கூட்டுத்தொகை இல்லை. சென்னுக்கு முன்னால் வைக்கும் புள்ளி இடம் மாறி, பதினெட்டு வெள்ளி மீன் நூற்று எண்பது வெள்ளியாகியிருந்தது. ஒரே மின்கட்டணம் ஒரே மாதத்தில் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது. தண்ணீர்க் கட்டணம் எங்குமே இல்லை. கடைசி நோட்டில் "பழம்", "மீன்" என்று வெறும் சொற்கள், எதிரே தொகை கிடையாது. கையெழுத்து மட்டும் கடைசிவரை அதே அழகு.

பணத்தைக் கையாள்வது ஏன் முதலில் அடிபடுகிறது என்று டாக்டர் விளக்கினார். ஒரு கட்டணத்தைக் கட்ட வேண்டுமானால் கடிதத்தைப் பிரிக்க வேண்டும், தேதியைப் பார்க்க வேண்டும், தொகையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், வங்கியில் இருப்பது போதுமா என்று யோசிக்க வேண்டும், கட்டியதைக் குறித்து வைக்க வேண்டும். ஐந்தாறு படிகளையும் வரிசை மாறாமல் நடத்துவது திட்டமிடும் திறன். அது மூளையின் முன்பகுதியை மிகவும் சார்ந்தது. ஒரே படியில் முடிந்துவிடும் வேலைகளும், ஆயுள் முழுக்கச் செய்து கைக்குப் பழகிப்போனவையும் வெகுகாலம் தாங்கும். அப்பா இன்றும் குளித்ததும் மூன்று விரலால் விபூதி இட்டுக்கொள்வது பிசகுவதில்லை.

மார்க்கெட்டில் தெரிந்ததும் இதே வகைதான். சௌராஸ்தா மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. ஆனால் எதற்கும் ஐம்பது வெள்ளி நோட்டையே நீட்டினார். இரண்டு வெள்ளிக் கொத்தமல்லிக்கும் ஐம்பதுதான். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சில்லறையும் ஒரு வெள்ளி நோட்டுகளும் குவிந்திருந்தன. எண்ணிக் கொடுப்பது சிரமமானவர்கள் பெரிய நோட்டைக் கொடுத்துச் சமாளிப்பார்கள். சட்டைப் பை கனக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றை எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பாராட்டவே செய்தோம். தைப்பூசத்துக்கு வாட்டர்ஃபால் ரோட்டில் எங்கள் ஆட்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் பட்டியல் எழுதுவது காலங்காலமாக அப்பாவின் பொறுப்பு. எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கப், எந்த நேரத்துக்கு யார் முறை என்று எல்லாம் அவர் தலையில் இருக்கும். ஒரு வருடம், "இனி இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நாற்காலியைப் போட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பெருந்தன்மை என்றார்கள். அதே சமயத்தில் தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்தோடு மடித்து வைப்பதும், சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதும் நடந்தது. ஆசையோடு செய்த காரியத்திலிருந்து ஒருவர் தானாகவே விலகுகிறார் என்றால் அது சோம்பலாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம். செய்ய முடியவில்லை என்பதை வெளியே சொல்லாமல் ஒதுங்குவதாகவும் இருக்கலாம். காரணம் கேளுங்கள். "பிடிக்கவில்லை" என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு நடந்தும் வெளியே தெரியாமல் இருந்ததற்கு அம்மாதான் காரணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது நாற்பது வருடத்துக்கும் மேலான தாம்பத்தியத்தின் இயல்பு. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பார். சட்டையும் வேட்டியும் கட்டில்மேல் எடுத்து வைத்திருப்பார். போன் வந்தால் அவரே எடுத்து, யார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுப்பார். வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும்போது கிரீன் லேனிலிருந்து ஸ்காட்லாந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தில், "நேரே போங்கள்... இப்போது இடது பக்கம்" என்று பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். பின்னால் உட்கார்ந்து கேட்பவருக்கு அது கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வருவதாகத்தான் தோன்றும். உண்மையில் காரை இரண்டு பேர் சேர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்து அவர் மருத்துவமனையில் படுத்ததும் எல்லாம் வெளிவந்தது. நாள் பெயர் எழுதிப் பிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போன குழம்பு டப்பாக்கள் தொடப்படவே இல்லை. அப்பா மாமாக் எனும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அட்டையில் இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாக மாத்திரைகள் இருந்தன, ரத்த அழுத்த மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே கிடந்தது. அதாவது ஒன்றை இரட்டிப்பாகவும் மற்றதை அறவே இல்லாமலும் எடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா சொல்லவில்லையே" என்றார்.

ஆகவே, வீட்டில் வேலை நடக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, நடக்கிறது என்றுதான் பதில் வரும். யார் செய்கிறார்கள், யார் நினைவூட்டுகிறார்கள், முன்பு தனியாகச் செய்ததற்கு இப்போது இன்னொருவர் துணை நிற்கிறாரா என்று கேளுங்கள். துணைவர் இறந்தபின், அல்லது நோயில் விழுந்தபின், "திடீரென்று மறதி வந்துவிட்டது" என்று சொல்லும் குடும்பங்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது திடீரென்று வந்திருக்காது. மறைத்துக்கொண்டிருந்த கை விலகியிருக்கும்.

மருத்துவத்தில் இதைக் கவனிக்க வெகுகாலமாகவே வழிமுறை உண்டு. லாட்டன், பிராடி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1969இல் எட்டு வேலைகளைப் பட்டியலிட்டார்கள்: போன் பயன்படுத்துவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் செய்வது, மருந்து எடுப்பது, பணத்தைக் கையாள்வது. இன்றும் பயன்படுகிறது. ஆரம்பத்தில் ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்குத்தான் மதிப்பெண் போட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவுக்கு மட்டுமில்லை, என் அப்பா தலைமுறைக்கும் அது பொருந்தும். தேநீர், கோப்பிக்கு மேல் எதுவும் போட்டறியாத மனிதரிடம் சமைப்பாரா என்று கேட்டு என்ன பயன்? அதேபோல ஆயுளில் ஒருமுறைகூட வங்கிப் படிவம் நிரப்பாத பாட்டியிடம் பணக் கணக்கைக் கேட்பதும் வீண். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: பொங்கலுக்குப் பலகாரம் செய்யும்போது வரிசை தப்புகிறதா, சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுகிறதா, ரசம் கொதித்து அடிப்பிடித்த பிறகுதான் அடுப்பு நினைவுக்கு வருகிறதா. ஒருவர் பத்து ஆண்டுகளுக்கு முன் எதைத் தேர்ச்சியோடு செய்தாரோ அதைத்தான் அவருக்கு அளவாக வைக்க வேண்டும்.

குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, உணவை வாய்க்குக் கொண்டுபோவது போன்ற அடிப்படைக் காரியங்கள் பொதுவாகப் பின்னால்தான் பாதிக்கப்படும். அதனால் "தானே குளிக்கிறார், தானே சாப்பிடுகிறார், என்ன குறை?" என்று இருந்துவிடக் கூடாது. பணம், மருந்து போன்ற முதல் வரிசை வேலைகள் போய்க்கொண்டிருக்கும் அந்த இடைவெளிதான் நாம் ஏதாவது செய்யக்கூடிய காலம்.

வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்பார்கள். வேகம் குறைவது வயதால் வரும். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதும் வரும். புது போன் வாங்கிக் கொடுத்து, அதைப் பழக முடியவில்லை என்றால் அது ஒன்றும் பெரிய அறிகுறி இல்லை. பல வருடம் அழுத்திய டிவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். நினைவு சற்றுக் குறைந்தும் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தால் டாக்டர்கள் அதை லேசான அறிவுத்திறன் குறைவு என்பார்கள். அன்றாட வாழ்வில் பிறர் துணை இல்லாமல் முடியாது என்ற கட்டத்தை எட்டினால்தான் மறதிநோய். எனவே வீட்டில் நாம் கவனித்துச் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

சில நாட்களுக்குள், சில மணி நேரத்துக்குள் தடுமாற்றம் வந்தால் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, பக்கவாதம், கீழே விழுந்து தலையில் அடிபட்டதால் கசியும் ரத்தம் என்று அவசரமாகக் கவனிக்க வேண்டிய காரணங்கள் உண்டு. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மெதுவாக வந்த தடுமாற்றத்திலும் சரிசெய்யக்கூடியவை இருக்கின்றன: தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை, தூக்க மாத்திரைகள், சில சளி மருந்துகள். அப்பாவுக்கு பி12 குறைந்திருந்தது. மெட்ஃபார்மினை வெகுகாலம் எடுப்பவர்களுக்கு அப்படிக் குறைய வாய்ப்புண்டு. நம்மிடையே சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஊசி போட்டபின் அவரது சோர்வு தெளிந்தது, நடை சுறுசுறுப்பானது. கணக்கு மட்டும் திரும்பவில்லை. ஸ்கேனும் மற்றப் பரிசோதனைகளும் முடிந்து அல்சைமர் என்றார்கள். உலகில் மறதிநோய் உள்ளவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அடிப்படைக் காரணம் அதுதான்.

பரிசோதனையைப் பற்றி ஒன்று. அப்பா ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். மலாயிலும் சரளமாகப் பேசுவார். கேள்வி பதிலில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டார். பிறகு ஒரு வட்டம் வரைந்து கடிகாரமாக்கி, பதினொரு மணி பத்து நிமிடம் காட்டச் சொன்னார்கள். எண்கள் எல்லாம் வலப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு முள் பதினொன்றிலும் மற்றது பத்திலும் போய் நின்றது. படித்தவர்கள் பேச்சால் சமாளித்துவிடுவார்கள். மாறாக, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பாட்டியிடம் மலாயில் கேட்டால், நோய் இல்லாமலே குறைந்த மதிப்பெண் வரக்கூடும். தமிழில் கேட்க ஏற்பாடு செய்யும்படி தயங்காமல் கேளுங்கள். எவ்வளவு படித்தவர், எந்த மொழி என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர், அன்றாட வேலைகளை மதிப்பிட்டுப் பழக்கும் சிகிச்சையாளரான ஓர் இளம் சீனப் பெண். அவருடைய அறையில் சின்ன அடுக்களை ஒன்று இருந்தது. மின்கெட்டில், கோப்பித்தூள் டப்பா, சீனி, பால் டின், கரண்டி, கப். "அங்கிள், எனக்கு ஒரு கோப்பி போட்டுத் தருகிறீர்களா?" என்றார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அப்பா கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். மூடினார். சுவிட்சைத் தட்டாமலே கப்பை எடுத்து அதில் சீனி போட்டார். கோப்பித்தூள் டப்பாவைத் திறந்து, முகர்ந்து பார்த்து, மூடி வைத்தார். பிறகு சூடாக்காத தண்ணீரைக் கப்பில் ஊற்றிவிட்டு நின்றார். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிகிறது, எது என்று தெரியவில்லை. எனக்குக் கை பரபரத்தது. அந்தப் பெண் பேசாமல் காத்திருந்தார். பிறகு, "தண்ணீர் சூடாக இருக்கிறதா அங்கிள்?" என்று மட்டும் கேட்டார். அப்பா கப்பைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். கோப்பித்தூளுக்கு வாய்ச்சொல் உதவவில்லை. டப்பாவைச் சற்று முன்னால் நகர்த்தி வைத்தார். அது போதுமாக இருந்தது.

பிறகு எனக்கு விளக்கினார். உதவியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதலில் காத்திருப்பது. பிறகு பொதுவாக ஒரு கேள்வி. அதற்கும் முடியாவிட்டால் நேரடியாக அடுத்த படியைச் சொல்வது. பிறகு விரலால் காட்டுவது, பொருளைக் கைக்கு அருகில் வைப்பது. கடைசியாகத்தான் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது. முழு வேலையையும் நாமே பிடுங்கிச் செய்துவிட்டால், அவரிடம் எஞ்சியிருப்பதும் பழக்கம் விட்டுப்போகும். எந்தப் படியில் நிற்கிறார் என்று கண்டுபிடித்து அந்த ஒரு படிக்கு மட்டும் உதவுங்கள் என்றார்.

இப்போது வீட்டில் கோப்பிச் சாமான்கள் எல்லாம் ஒரே தட்டில், எடுக்கும் வரிசையில் இருக்கின்றன. மற்றவற்றை அலமாரியில் மூடிவைத்துவிட்டோம்; கண்முன் பொருள் குறைந்தால் குழப்பமும் குறைகிறது. மாத்திரைகளை நாளும் வேளையும் பிரித்த பெட்டியில் வாரம் ஒருமுறை நான் நிரப்புகிறேன், அவர் எடுப்பதை அம்மா பக்கத்திலிருந்து பார்க்கிறார். கணக்கு நோட்டை வாங்கி வைக்கவில்லை. அன்றைக்கு வாங்கிய ஒரு பொருளை அவர் எழுதுகிறார், தொகையை நான் சொல்லச் சொல்லப் போடுகிறார். கூட்டுத்தொகை கேட்பதில்லை. கார் சாவிதான் பெரும்பாடு. நாங்கள் சொன்னபோது கோபித்துக்கொண்டார். டாக்டர் சொல்லி, அதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தபின் ஒப்புக்கொண்டார். அந்த வேலையை டாக்டரிடம் விட்டுவிடுங்கள், வீட்டுக்குள் சண்டை மிச்சம்.

மருத்துவச் சந்திப்புக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "மறதி அதிகம்" என்று எழுதினால் டாக்டருக்கு எதுவும் புரியாது. "முன்பு தானே பஸ் ஏறி கொம்தார் போய்வருவார், தீபாவளிக்குப் பிறகு தனியாகப் போவதில்லை", "ஒரே கட்டணத்தை இரண்டு முறை கட்டினார்" என்று நடந்ததை எழுதுங்கள். அவர் எதிரிலேயே குறைகளை அடுக்குவது மனத்தைப் புண்படுத்தும், எனவே தாளை முன்கூட்டியே தாதியிடம் கொடுத்துவிடலாம்.

பண விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்குத் தடுமாறும் பெரியவர்தான் போலீஸ் என்றும் வங்கி என்றும் பேசும் போன் மோசடிக்காரர்களுக்கு எளிதில் அகப்படுவார். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்துக்கு அழைக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மலேசியாவில், தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தந்து ஒருவர் எழுதிக்கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னி, அவர் மனத்திறனை இழந்தபின் செல்லாது. பிறகு 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கித்தான் அவரது சொத்தை நிர்வகிக்க முடியும். உயில், கூட்டுக் கணக்கு, ஊழியர் சேமநிதியான இபிஎஃப் வாரிசு நியமனம் எல்லாவற்றையும் அவருக்குப் புரிந்து கையெழுத்திட முடிகிற காலத்திலேயே, அவர் விருப்பத்தைக் கேட்டு முடித்துவிடுங்கள். பராமரிப்பவர்களுக்கு வழிகாட்ட பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை இருக்கிறது. பினாங்கிலிருந்தும் போனில் விசாரிக்கலாம்.

தொலைவில் இருக்கும் உடன்பிறப்புகளை நம்ப வைப்பது தனிப் போராட்டம். சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன், "போனில் நன்றாகத்தானே பேசுகிறார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். நலம் விசாரிப்பது, மழை, சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் ஆயுள் முழுக்கப் பேசிப் பழகிய பேச்சு. நோய் அதை எளிதில் தொடுவதில்லை. வாதாடுவதை விட்டுவிட்டு, பள்ளி விடுமுறையில் வந்து தங்கும்படி சொன்னேன். அம்மாவை என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணனும் அப்பாவும் மட்டும் குளுகோர் வீட்டில். இரண்டாம் நாள் இரவே அண்ணன் போன் செய்து, எந்தெந்தக் கட்டணம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது எல்லாவற்றையும் சிங்கப்பூரிலிருந்தே அவர் கட்டிவிடுகிறார். கட்டியதும் அப்பாவுக்குப் போன் செய்து சொல்கிறார். அப்பா அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்.